மொத்தம் போடாத கணக்கு

மாட்டுக்காரரிடம் எத்தனை மாடு கிடக்கிறது என்று கேட்கக் கூடாது. குண்டசாலை விவசாயப் பாடசாலையில் இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. 1981ஆம் ஆண்டு ஆவணி வெயிலில், கிரானுக்கு மேற்கே ஒரு பட்டியடியில், கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு நான் கேட்ட முதல் கேள்வியே அதுதான். கறந்த பாலை வடித்துக்கொண்டிருந்த கிழவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "கொஞ்சம் கிடக்கு" என்றார். மறுபடி கேட்டேன். "கிடக்கு மகன், கடவுள் தந்தது கிடக்கு." மூன்றாம் முறை கேட்க வாயெடுத்தபோது அவருடைய மகன் என்னைத் தனியே கூட்டிப் போய்த் தேநீர் தந்தார். "மாட்டையும் பிள்ளையையும் எண்ணினா நிலைக்காது சேர். நீங்க ஊசியைப் போடுங்க. எத்தனை ஊசி முடிஞ்சுதெண்டு மறுகா நீங்களே எண்ணிக்கொள்ளுங்க."

முப்பத்தாறு வருட உத்தியோகத்தில் நான் மாடு எண்ணியது அந்த வழியில்தான். எத்தனை மருந்துப் போத்தல் திறந்தேன், எவ்வளவு மிஞ்சியது, எவ்வளவு சிந்தியது என்று கழித்துப் பார்த்து, இடத்தின் பெயரையும் தேதியையும் போட்டு, சட்டைப்பைக்குள் அடங்கும் சின்னக் கொப்பியில் எழுதி வைப்பேன்.

நான் கொழும்புக் கொச்சிக்கடையில் பிறந்தவன். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. பால் என்றால் எங்களுக்குப் பால் சபையின் கண்ணாடிப் போத்தல்தான். 'கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியர்' என்று நியமனக் கடிதம் வந்தபோது அம்மா அதை அந்தோனியார் கோயிலுக்குக் கொண்டுபோய் வைத்துக் கும்பிட்டார். பக்கத்து வீட்டுக்காரர், "மாடு மேய்க்கவும் கவர்மென்ட் சம்பளம் குடுக்குதோ?" என்று கேட்டார். மட்டக்களப்புக்குப் போய் ஒரு மாதத்தில், எனக்கு மேய்க்கவும் தெரியாது என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

அங்கே மாட்டுக்காரருடைய வருடம் பெரும்போக ஆரம்பக் கூட்டத்தோடு தொடங்கும். அந்தக் காலத்தில் உதவி அரசாங்க அதிபர், பிற்பாடு பிரதேச செயலாளர் தலைமை தாங்குவார். எந்தக் குளத்துத் தண்ணீர் எப்போது திறப்பது, எந்தத் தேதிக்குள் விதைத்து முடிப்பது, எந்தத் தேதிக்குள் மாடுகளை வயற்பகுதியிலிருந்து அப்புறப்படுத்துவது என்றெல்லாம் அங்கே தீர்மானமாகும். வயற்காணிக்காரப் போடிமார் முன்வரிசைக் கதிரைகளில் இருப்பார்கள். மாட்டுக்காரர் வாசலடியில் நிற்பார்கள். அறிவித்த தேதிக்குப் பிறகு வயலில் நிற்கும் மாடு கட்டாக்காலி. பிடித்துக் கட்டலாம், நட்டஈடு கேட்கலாம். வெள்ளைக்காரன் 1876இல் கொண்டுவந்த கால்நடை அத்துமீறல் சட்டம் வயற்காரன் பக்கம் நிற்கிறது. மாட்டுக்காரன் போகும் இடத்துக்கு அப்படி ஒரு சட்டமும் இல்லை, பழக்கம் மட்டும்தான்.

போகும் இடம் மேற்கே. கிரான், புலிபாய்ந்தகல், குடும்பிமலை அடிவாரம், அதற்கும் அப்பால் மாதவனை, மயிலத்தமடு. காடு விட்டுவிட்டு வரும். இடையிடையே தரவை, மடு, வில்லு. மாரி முழுக்க அங்கே. அருவி வெட்டு முடிந்து பங்குனியில் வயல் வெளித்தால் திரும்பி வருவார்கள். முதல் மழை விழுந்து மண் மணத்துவிட்டால் பட்டியை மறித்து நிறுத்துவது கஷ்டம். வழி தெரிந்த ஒரு கிழட்டுப் பசு முன்னுக்கு இறங்கும், மற்றவை பின்னால் போகும். வழியில் ஈன்ற கன்றைச் சாக்கில் கட்டித் தோளில் தூக்கிப் போவதை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். வெள்ளம் வந்தால் கிரான் பாதை மூழ்கிவிடும். பிறகு பாற்கானும் நோயாளியும் ஒரே தோணியில்தான். பால் கெட்டுப்போகும் என்று தெரிந்தால் வாடியிலேயே தோய்த்துத் தயிர்ச்சட்டியாக்கி விடுவார்கள். ஒரு நாட்டுப் பசு காலையில் ஒருக்கால் கறந்தால் ஒரு லீற்றர், நல்லதென்றால் இரண்டு. கொழும்பிலிருந்து வரும் பெரிய அதிகாரிகள் அந்த அளவைக் கேட்டதும் முகத்தைச் சுளிப்பார்கள். தவிடு புண்ணாக்கு இல்லாமல், கொட்டில் இல்லாமல், யானைக்கும் உண்ணிக்கும் நடுவில் நின்று கறக்கிற பால் அது என்பது கணக்கில் வராது.

நான் போன காலத்தில் வயலுக்கும் பட்டிக்கும் இருந்த உறவு அறுந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னர் எருமை இல்லாமல் வயலே இல்லை. சேற்றை மிதித்துப் பதமாக்க எருமை, சூடு மிதிக்க எருமை. பட்டி வைத்திருந்தவனைப் போடியார் தேடிப் போய்க் கேட்க வேண்டும். உழவு இயந்திரம் வந்தது, எருமைக்கு வேலை போயிற்று. சிறுபோகத்துக்கும் தண்ணீர் கிடைத்த இடங்களில் பங்குனி–ஆவணி மேய்ச்சலும் போயிற்று. கடைசியாக, வெட்டவும் அடிக்கவும் ஒரே இயந்திரம் வந்தது. சூட்டுக்களமும் போய், வைக்கோற் போரும் போயிற்று. வைக்கோலை வயலிலேயே கொளுத்தினார்கள். "மாடு உள்ளே வரப்படாது" என்ற சொல்லுக்குப் பிறகு "மாடு எங்கே போகும்?" என்று கேட்க ஒருவருக்கும் காரணம் இருக்கவில்லை.

இந்த உறவு இன்னும் அறாத இடமும் இருக்கிறது. ஒரு தடவை குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்குப் போயிருந்தேன். திரும்பும் வழியில் தஞ்சாவூர்ப் பக்கத்து வயல்வெளியில் நூற்றுக்கணக்கில் செம்மறி ஆடு படுத்திருந்தது. வண்டியை நிறுத்தச் சொன்னேன், மனைவி கோபித்துக்கொண்டார். இராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த கீதாரிகள். அறுவடை முடிந்த வயலில் இரவுக்குக் கிடை போட, வயற்காரர் அவர்களுக்குக் கூலி கொடுக்கிறார். புழுக்கையும் மூத்திரமும் எரு. "எங்கட ஊரில வயலுக்குள்ள நிண்டா மாட்டுக்காரன் தண்டம் கட்ட வேணும்" என்றேன். அந்தக் கீதாரி நம்பவில்லை. நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். 2021இல் இரசாயன உரத்துக்கு இங்கே திடீரென்று தடை வந்தபோது, மாட்டெரு எங்கே எங்கே என்று ஊரெல்லாம் சாக்கோடு அலைந்தது எனக்கு அந்தச் சிரிப்பைத்தான் ஞாபகப்படுத்தியது.

காணி விஷயத்துக்கு வருகிறேன். மகாவலி அதிகார சபைச் சட்டம் வந்தது 1979இல். மாதுறு ஓயா அணைக்கட்டு 1983இல் முடிந்தது. அதே வருடம் தேசியப் பூங்காவும் பிரகடனமாயிற்று. நீர் இடது கரைக்குப் போனது, குடியேற்றமும் அங்கேதான். வலது கரை 'பி' வலயம் வரைபடத்திலேயே கிடந்தது. 83 செப்டெம்பரில் வடமுனைப் பக்கம் ஆயிரக்கணக்கில் ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றப் பார்த்து, பிறகு அரசாங்கமே அவர்களை அகற்றியது. மாட்டுக்காரருக்கு இதெல்லாம் வானொலிச் செய்தி. தாங்கள் மாரியில் இருக்கும் இடம் ஒரு திட்டத்தின் வலயம் என்பதை அவர்களுக்கு ஒருவரும் கடிதம் போட்டுச் சொல்லவில்லை.

அந்த எண்பதுகளில் ஒரு வைகாசி மாதம், இளம் நில அளவையாளர் ஒருவரை வழியில் சந்தித்தேன். மூன்று நாள் காட்டுக்குள் இருந்துவிட்டு வருகிறார், பாவம், முகமெல்லாம் உண்ணிக்கடி. "ஒரு குருவி இல்லை ஐயா, பாழ் காடு. நாலைந்து விழுந்த குடில் கிடக்கு, யாரோ விட்டுட்டுப் போனது" என்றார். விழுந்த குடில் அல்ல அது. மாரிக்கு மட்டும் கிடுகு போட்டு, போகும்போது கூரையைக் கழற்றிவிட்டுப் போகும் வாடி. வைகாசியில் மாடு வயலில் நிற்கும். அவர் புரட்டாதிக்குப் பிறகு வந்திருந்தால் வழியில் நடக்க இடம் இருந்திருக்காது. இதை நான் அவருக்குச் சொன்னேன். அவர் குறித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அளவைக் குழுக்கள் எப்போதும் கோடையில்தான் போகும், மழையில் சங்கிலி இழுக்க முடியாது என்பார்கள். நியாயம்தான்.

1987இல் பதின்மூன்றாம் திருத்தம் வந்தது. மாட்டுக்கு ஊசி போடும் அதிகாரம் மாகாண சபைக்குக் கிடைத்தது, என் சம்பளமும் அங்கே மாறியது. மாடு தின்னும் புல்லின் அதிகாரம் மட்டும் கொழும்பிலேயே நின்றுவிட்டது.

90 ஆனியில் யுத்தம் மறுபடி தொடங்கியபின் மேய்ச்சல் புலிகளின் பக்கம், சந்தை இராணுவத்தின் பக்கம் என்றாயிற்று. செங்கலடிக் கறுப்புப் பாலத்தைத் தாண்டுகிறவன் இரண்டு ஆட்சிக்கும் பதில் சொல்ல வேண்டும். ஒரு சோதனைச்சாவடியில் என் ஐஸ் பெட்டியை நான்கு மணி நேரம் வெயிலில் வைத்தார்கள். தொண்டை அடைப்பான் மருந்து முழுதும் போயிற்று, அந்த மாரியில் ஒரு பட்டியில் எருமைகள் கழுத்து வீங்கி விழுந்தன. அதற்குப் பிறகு பாதுகாப்புப் பிள்ளைகளுக்குத் தயிர்ச்சட்டி ஒன்று கொண்டுபோகப் பழகினேன். போதனாசிரியருக்கு யாரும் போதிக்காத பாடம்.

எனக்கு மறக்காதது 2007. பங்குனியில், வாவிக்கு மேற்கே கிடக்கும் படுவான்கரை முழுக்க இடம்பெயர்ந்தது. மாட்டை ஓட்டிக்கொண்டு ஓட முடியாது. கயிற்றை அறுத்துவிட்டுப் போனார்கள். ஆடியில் குடும்பிமலை இராணுவத்தின் கைக்கு வந்தது. கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப அனுமதித்தபோது மாடு இருந்தது, ஆனால் பட்டி இருக்கவில்லை. எல்லாம் காட்டு மாடு போலக் கலந்து, மனுசரைக் கண்டதும் வெருண்டு ஓடின. குறி பார்த்துப் பிரிக்க என்னையும் கூப்பிட்டார்கள். 1958ஆம் ஆண்டின் விலங்குச் சட்டப்படி குறி சுட்டுப் பதிந்த மாட்டுக்குச் சீட்டு இருக்கும். சீட்டெல்லாம் வீட்டோடு எரிந்திருந்தது. பின்தொடையில் சுட்ட எழுத்து மட்டும்தான் பத்திரம். கன்றுகளுக்கு அதுவும் இல்லை, குறி சுட ஆளில்லாத காலத்தில் பிறந்தவை.

அங்கேதான் அந்த மகனை மறுபடி கண்டேன், 81இல் தேநீர் தந்தவர். தகப்பன் அகதி முகாமில் இறந்துபோய்விட்டார். இவர் ஒரு மடுவின் கரையில் நின்று, தகப்பன் கூப்பிடும் மாதிரித் தொண்டையிலிருந்து ஒரு நீட்டுச் சத்தம் எழுப்பினார். எழுதிக் காட்ட முடியாத சத்தம் அது. முதலில் ஒன்றும் அசையவில்லை. அரை மணி நேரம் கழித்து ஒரு வெள்ளைப் பசு பற்றைக்குள்ளிருந்து தலையை நீட்டியது. அதற்குப் பின்னால் இரண்டு நாகு, ஒரு நாம்பன். பக்கத்துப் பட்டிக்காரர்கள் அந்த நாம்பனுக்கு உரிமை கேட்கவில்லை. எந்தச் சத்தத்துக்கு வந்ததோ அந்தச் சத்தத்துக்குரியவருடையது. கூட நின்ற அதிகாரி ஒருவர் என்னைப் பார்த்து, "இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?" என்றார்.

யுத்தம் முடிந்ததும் எங்களுக்கு மேலிடத்தில் ஒரே பாட்டு: மாட்டைக் குறை, பாலைக் கூட்டு, ஓரிடத்தில் கட்டி வளர். நானும் பாடினேன். ஜேர்சிக் கலப்பு நாகு ஒன்றை வங்கிக் கடனில் எடுக்கும்படி ஒருவரை நானே வற்புறுத்தினேன். கொட்டில் கட்டினார், புல் நட்டார். வரட்சியில் கிணறு வற்றியது, புல் கருகியது. வேறு வழியில்லாமல் மாட்டைப் பட்டியோடு மேற்கே அனுப்பினார். இரண்டு மாதம் தாங்கவில்லை. அவர் என்னைக் கண்டு பேசாமல் இருந்ததில்லை, அதுதான் சங்கடம். ஒவ்வொரு தடவையும், "சேர், கடன் இன்னும் ஏழு மாசம்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

அவர்கள் தாங்களாகச் செய்துகொண்ட மாற்றங்கள் எங்கள் ஆலோசனையைவிடக் கெட்டித்தனமானவை. பெரிய பட்டியை மூன்றாக உடைத்து மச்சான்மாரிடம் பிரித்து வைத்தார்கள். ஓரிடத்தில் மறித்தால் எல்லாம் போகாது. எருமையை விற்றுப் பசுவுக்கு மாறினார்கள், எருமைக்கு மடு வேண்டும், மடு கிடைக்குமோ தெரியாது. ஒரு மகனைக் கட்டாருக்கு அனுப்பி அந்தப் பணத்தில் மேய்க்கக் கூலியாள் வைத்தார்கள். சங்கம் பதிந்தார்கள், ரப்பர் முத்திரை அடித்தார்கள், எந்தக் கடிதத்துக்கும் நகல் எடுத்து வைக்கப் பழகினார்கள். எழுத்தறியாத ஒருவர் பொலித்தீன் பையில் எழுபது கடிதம் வைத்திருந்தார். எந்தக் கடிதம் எந்தக் கந்தோருக்குரியது என்பதைத் தாளின் நிறத்தை வைத்துச் சொல்வார்.

கந்தோர்களும் மாறிக்கொண்டே இருந்தன. 2001ஆம் ஆண்டின் ஐந்தாம் இலக்கச் சுற்றறிக்கை, பிரதேச செயலாளரிடம் இருந்த 'ஏனைய அரச காடுகளை' வனத் திணைக்களத்தின் கையில் கொடுத்தது. யுத்தம் நடந்த இடங்களில் அது மண்ணில் தெரிந்தது 2009க்குப் பிறகு, எல்லைக் கல்லாக. 2020 கடைசியில் அந்தச் சுற்றறிக்கையை நீக்கிக் காட்டை மறுபடி பிரதேச செயலகத்துக்கு விட்டார்கள். வலது கரையோ மகாவலிக்குரியது. மாட்டுக்காரர் ஒரு கதவைத் தட்டக் கற்றுக்கொண்டு முடிவதற்குள் கதவு வேறு சுவருக்கு மாறிவிடும். இந்தியாவில் 2006இல் வந்த வன உரிமைச் சட்டம், நாடோடி மேய்ப்பருக்குப் பருவத்துக்குப் பருவம் வந்துபோகும் உரிமை இருக்கலாம் என்று எழுத்திலாவது ஒப்புக்கொள்கிறது. எங்கள் தாள்களில் பருவம் என்ற சொல் பயிருக்கு மட்டும்தான்.

நான் 2017இல் ஓய்வுபெற்றுக் கொச்சிக்கடைக்குத் திரும்பினேன். 2019 ஏப்ரல் 21 காலை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தபோது எங்கள் யன்னல் கண்ணாடி கழன்று விழுந்தது. அன்று பூசைக்கு நான் போகவில்லை. மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும் வெடித்திருந்தது. நான் அங்கே ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருக்க, அந்த மகன் சிக்னல் பிடிக்கக் குடும்பிமலைக் கல்லில் ஏறி நின்று என்னைக் கூப்பிட்டார். "சேர், இருக்கிறீங்களா?" அவ்வளவுதான் கேட்டார்.

அடுத்த வருட மாரியில் அவர் எடுத்த போனில் வேறு செய்தி. மயிலத்தமடுவிலும் மாதவனையிலும் வெளியிடத்து ஆட்கள் வந்து தரவையை உழுது சோளன் விதைக்கிறார்கள். மாடு சோளனுக்குள் போனால் முழுதாகத் திரும்பி வருவதில்லை. சில மாடுகள் சுடுபட்டு, சில வாய் சிதறி வந்தன. 2022 மார்கழிப் புயற்குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கில் மாடு செத்தபோது, அதில் எத்தனை ஒதுங்க மேடும் பற்றையும் இல்லாமல் வெளியில் நின்று செத்தவை என்று நான் எண்ணியபடி இருந்தேன். நீதிமன்றம், கூட்டம், அறிக்கை எல்லாம் நடந்தது. 2023 செப்டெம்பர் 15 அன்று சித்தாண்டியில் பிரதான வீதியோரம் கொட்டில் போட்டுக் குந்தினார்கள். ஆண்டைக் கடந்தும் எழும்பவில்லை. பகலில் போராட்டம், விடியலில் கறவை. முறைவைத்து மாறி மாறி இருந்தார்கள். மாட்டுக்காரருக்கு முறைவைப்பது புதிதல்ல.

நான் ஒரு நாள் போய் அந்தக் கொட்டிலில் இருந்தேன். படித்த பிள்ளை ஒருவர் கோவை ஒன்றை விரித்துக் காட்டினார். பிரிவு வாரியாகக் கால்நடைக் கணக்கு. மேய்ச்சல் தரை கிடக்கும் பிரிவுக்கு நேரே ஒன்றுமில்லை. "இந்தக் கணக்கைக் காட்டித்தான் அங்க மாடே இல்லையெண்டு சொல்றாங்க. இதை ஆர் சேர் எழுதினது?" என்று கேட்டார்.

நான் எழுதினது. நான் மட்டுமல்ல, என் போன்ற எல்லாரும். பண்ணைப் பதிவுப் படிவத்தில் கிராம சேவகர் பிரிவுக்கு ஒரு கட்டம்தான் உண்டு. மாட்டின் சொந்தக்காரர் சித்தாண்டியா, சந்திவெளியா, வந்தாறுமூலையா, அதை எழுதினேன். மாடு மாரியில் ஆறு மாதம் எங்கே நிற்கிறது என்று எழுத இன்னொரு கட்டம் இல்லை. பக்கத்தில் எழுதியிருக்கலாம். படிவத்தின் ஓரத்தில் எழுதினால் திருப்பி அனுப்புவார்கள் என்று பயந்து எழுதவில்லை. அந்த நில அளவையாளரை இத்தனை வருடம் மனதுக்குள் திட்டியிருக்கிறேன். அவராவது மூன்று நாள் பார்த்துவிட்டு எழுதினார்.

பக்கத்தில் இருந்த மகன் – இப்போது அவரும் கிழவர் – மட்டும் கோபிக்கவில்லை. "சேரிட்ட சின்னக் கொப்பி கிடந்துதே, ஊசிக் கொப்பி" என்றார்.

கொழும்புக்கு வந்து அலுமாரிக்கு மேலிருந்த தகரப்பெட்டியை இறக்கினேன். முப்பத்தொரு கொப்பி. சிலதைக் கறையான் தின்றிருந்தது, 94ஆம் வருடத்தது முழுக்க மை கலைந்திருந்தது. மற்றவற்றில் இடத்தின் பெயர் இருந்தது. மாதவனை, மயிலத்தமடு, தேதி, போட்ட ஊசி எத்தனை, பட்டிக்காரரின் குறி எழுத்து. படிவத்துக்கு அஞ்சிய கை, சட்டைப்பைக் கொப்பியில் உள்ளதை எழுதியிருந்தது. ஜம்பட்டா வீதியில் போட்டோ கொப்பிக் கடைப் பையனுக்கு இரண்டு நாள் வேலை. "அங்கிள், இது என்ன, லோட்டரிக் கணக்கா?" என்றான். பக்கம் பக்கமாக அடுக்கி, வருட வாரியாக ஒரு அட்டவணையும் போட்டு, மட்டக்களப்பு பஸ்ஸில் கொடுத்துவிட நினைத்து அவருக்குப் போன் எடுத்தேன். எல்லாம் சேர்த்தால் எவ்வளவு வருகிறது என்று சொல்ல வாயெடுத்தேன்.

"சொல்லாதீங்க சேர்" என்று அவசரமாக மறித்தார். "அனுப்புங்க, கட்டாயம் அனுப்புங்க, கோட்டுக்கும் குடுக்க வேணும். ஆனா மொத்தத்தை மட்டும் கூட்டிப் போடாதீங்க."

அட்டவணையின் கடைசி வரியை வெள்ளை மையால் அழித்துவிட்டு அனுப்பினேன்.